நாற்றுத் தட்டும் சோக் இரைச்சலும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் பழைய ரியூப் லைற் வைத்திருக்கிறவர்களுக்குக் கட்டாயம் உதவும்.

கடந்த மாரியில் நான் அறைக்குள் லைற் வெளிச்சத்தில் மிளகாய் நாற்றுப் போட்டது உங்களில் பலருக்குத் தெரியும். பத்தாம் வாய்க்கால், கூழாவடிப் பக்கமிருந்தெல்லாம் வந்து பார்த்தீர்கள். நாற்றைப் பற்றிக் கேட்டவர்களை விட லைற்றைப் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். "சேர், எங்கட வீட்டு லைற் இரைஞ்சு கொல்லுது. உங்கட லைற் சத்தமே இல்லாமல் எரியுது, என்ன செய்தனீங்கள்?" என்று நாலைந்து பேராவது கேட்டிருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

வெயில் கொட்டுகிற வன்னியில் நாற்றுக்கு எதற்கு லைற் என்று சிரித்தவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றுக்கு எங்கள் மாரிமழைதான் எதிரி. கார்த்திகை, மார்கழியில் நாள்கணக்கில் வானம் இருண்டு கிடக்கும். வெளியே போட்ட பாத்தியில் மழைத்துளி விழுந்து மண் தெறிக்கும், தண்டு அடியில் அழுகி நாற்றுச் சாயும். அறைக்குள் வைத்தால் அழுகல் இல்லை. ஆனால் வெளிச்சம் போதாமல் நாற்று நூல் போல நெடுத்து வெளிறிப் போகும். அதற்குத்தான் இரும்புச் சட்டத்தில் இரண்டு தட்டு அடித்து, தட்டுக்கு இரண்டாக நாலடி ரியூப் லைற் நான்கு பூட்டினேன். நாற்றின் நுனிக்கும் ரியூப்புக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி போதும். ஒரு நாளைக்கு 12 மணித்தியாலம் வெளிச்சம். மழை விட்டதும் நடுவதற்குத் தண்டு தடித்த கன்று கையில் இருக்கும்.

லைற் செற் நான்கும் பழையவை. எல்.இ.டி.க்கு மாறிய ஒருவர் கழற்றிப் போட்டதைச் சும்மா தந்தார். எல்லாம் சோக், ஸ்ராட்டர் உள்ள பழைய வகை. காலை பத்து மணியிலிருந்து இரவு பத்து மணிவரை எரியும்.

நான் வாடகைக்கு இருப்பது ஒரு வீட்டின் பாதியில். மறுபாதியில் வீட்டுக்கார அம்மாவும் மகளின் குடும்பமும். பேத்தி என்னிடம் படிக்கிற பிள்ளை. நாற்றுப் போட்டு ஐந்தாறு நாள் இருக்கும். பாடம் முடிந்து கொப்பி அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளை கிட்ட வந்து சொன்னாள்.

"சேர், உங்கட அறைக்குள்ள வண்டு சுத்துது எண்டு அம்மம்மா சொல்லுறா. ராவில படுக்கிறா இல்லை. திண்ணையில போய் இருக்கிறா."

வண்டு என்றால் என்ன என்று இந்த ஊரில் நாற்பது வயது தாண்டிய யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். போர்க்காலத்தில் வன்னிக்கு மேலே ஆளில்லாமல் சுற்றிய வேவு விமானத்துக்குச் சனம் வைத்த பெயர் அது. சின்ன எஞ்சின், விடாத ஒரே இரைச்சல், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிடிபடாது.

எனக்கு அந்தச் சத்தம் தெரியாது. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நான் வளர்ந்தது புத்தளத்தில். என் காதுக்குள் இருப்பது கிடுகுக் கூரையில் விழும் மழைச்சத்தமும், எந்தப் பக்கம் ஒழுகும் என்று பார்த்து உம்மா பாத்திரம் இழுத்து வைக்கும் சத்தமும். வன்னிச் சனத்தின் காதுக்குள் இருப்பது வேறு.

அன்று பின்னேரம் லைற்றைப் போடாமல் போய் அம்மாவிடம் கேட்டேன். அவர் முதலில் வெட்கப்பட்டார்.

"அது லைற் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. பேத்தி கூட்டிக்கொண்டு வந்து காட்டினவள். பகலில ஒண்டுமில்லை. ராவில தலையைச் சரிச்சாத்தான் கேக்கும். வண்டு சுத்தினால் பிறகு கிபிர் வரும், இல்லாட்டிச் செல் வரும். வண்டு சுத்தேக்க ஆரும் படுக்கிறேல்ல. அறிவுக்குத் தெரியுது, உடம்பு எழும்பி இருக்குது. நீங்கள் பயிரைப் பாருங்கோ, எனக்குப் பழகிப்போம்."

பழகிப்போகும் என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. லைற் இரைவது ஒரு கோளாறு. கோளாறு என்றால் இடம் இருக்கும், காரணம் இருக்கும், திருத்தமும் இருக்கும். அதைத் தேடுவது விஞ்ஞானம் படிப்பிக்கிறவனுக்குக் கஷ்டமான வேலை இல்லை.

முதலில் சத்தம் ஏன் வருகிறது என்று பார்ப்போம். ரியூப் லைற்றுக்குள் இருப்பது வாயு. பற்றிக்கொண்ட பிறகு அது கறண்டைக் கட்டுப்பாடில்லாமல் இழுக்கும். விட்டால் கொஞ்ச நேரத்தில் கெட்டுப்போகும். இழுக்க விடாமல் பிடித்து வைப்பது சோக்கின் வேலை. தொடக்கத்தில் ஸ்ராட்டர் விட்டு விட்டுப் பிடிக்கும்போது ரியூப்பைப் பற்ற வைக்கிற உயர் அழுத்தத்தைக் கொடுப்பதும் அதுதான். சோக்கை உடைத்துப் பார்த்தால் மெல்லிய இரும்புத் தகடுகளின் அடுக்கும், அதைச் சுற்றிய செப்புக் கம்பியும்தான் இருக்கும். எங்கள் கறண்ட் ஒரு செக்கனுக்கு 50 தரம் முன்னும் பின்னுமாக ஓடுகிறது. முன்னுக்குப் போகும்போது ஒரு தரம், பின்னுக்கு வரும்போது ஒரு தரம் அந்த இரும்பு காந்தமாகும். காந்தமாகும்போது இரும்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீண்டு சுருங்கும். தகடுகள் ஒன்றையொன்று இழுக்கும். ஆகவே செக்கனுக்கு 100 துடிப்பு. கைப்பேசியில் ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் இலவச செயலிகள் இருக்கின்றன. லைற்றுக்குக் கிட்டப் பிடித்தால் 100 ஹேர்ட்ஸில் ஒரு முனை எழும்பும், 200, 300 என்று சின்ன முனைகளும் தெரியும். இது உங்கள் வீட்டில் நீங்களே செய்து பார்க்கக்கூடியது.

நல்ல சோக்கில் தகடுகள் இறுக்கமாக இருக்கும், வார்னிஷ் இடைவெளியை நிரப்பி இருக்கும். சத்தம் காதுக்கு எட்டாது. சூடாகிச் சூடாகி வார்னிஷ் காய்ந்து போனால் தகடு தளர்ந்து அடிக்கத் தொடங்கும். வோல்ற் கூடினாலும் இரைச்சல் கூடும். இரவு ஊர் படுத்த பிறகு பாவனை குறைந்து வோல்ற் ஏறுகிற இடங்களில் அதே லைற் பகலை விட அதிகமாக இரையும். வேறு சத்தமும் அந்த நேரத்தில் இராது.

இனி இரண்டாவது விசயம். இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். அம்மாவின் அறை நடுவில் நின்று நான் காது கொடுத்தேன். மிக மெல்லிய சத்தம், தேடினால்தான் கேட்கும். அவருடைய கட்டிலில் சுவர்ப்பக்கம் தலை வைத்துக் குனிந்தேன். தெளிவாகக் கேட்டது. இதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வெக்கையில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் ஓடும். 100 ஹேர்ட்ஸ் என்றால் ஒரு அலையின் நீளம் மூன்றரை மீற்றர். எங்கள் ஊர் வீட்டு அறைகளின் நீளமும் கிட்டத்தட்ட அதுதான். அலை சுவரில் மோதித் திரும்பி வந்து தன்னோடு தானே சேரும். சேருகிற இடத்தில் சத்தம் பெருகும், ஒன்றையொன்று அழிக்கும் இடத்தில் இல்லாமல் போகும். சுவரோரத்திலும் மூலையிலும் பெருகும். ஒரு எட்டு தள்ளி நின்றால் குறைந்துவிடும்.

ஆகவே ஒருவர் "கேக்குது" என்று சொல்ல, பக்கத்தில் நிற்கிறவர் "எனக்கொண்டும் கேக்கேல்லையே" என்று சொன்னால் இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். வயது போனவர்கள் சத்தம் என்று முறையிட்டால், அவர்கள் தலை வைக்கும் இடத்தில் உங்கள் தலையை வைத்துப் பார்க்காமல் "உங்களுக்குப் பிரமை" என்று சொல்லிவிடாதீர்கள்.

இனி தேடின முறை. நான்கு லைற்றையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டேன். பேத்தி அம்மம்மாவின் கட்டிலில் காதை வைத்துக்கொண்டு, கேட்டால் சுவரில் தட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. பள்ளிக்கூடத்து ஒரு மீற்றர் மரக்கோல் ஒன்று கையில் இருந்தது. நன்றாகக் காய்ந்த மரம். அதன் ஒரு முனையை லைற் செற்றின் தகட்டில் மெல்ல முட்டி மறுமுனையைக் காதோடு வைத்தால், வைத்தியரின் குழாய் போல எந்த இடம் இரைகிறது என்று சொல்லிவிடும். இரும்புக் கம்பியாலோ ஸ்குறூ டிரைவராலோ இதைச் செய்யக் கூடாது.

நான்கு லைற்றிலும் நான்கு வேறு கோளாறு.

முதலாவதில் சோக்கைத் தகட்டோடு பிடிக்கும் ஸ்குறூ தளர்ந்திருந்தது. சோக் துடிக்க, தகடு மேளமாகிப்போனது. ஸ்பிறிங் வாஷர் போட்டு இறுக்கினோம். சரி.

இரண்டாவதில் சோக்கில் பிழையில்லை. மேல் மூடித் தகடு நெளிந்து ஒரு ஓரத்தில் மட்டும் முட்டி நடுங்கியது. விரலால் அமர்த்தினால் நிற்கும், விட்டால் தொடங்கும். நெளிவை எடுத்துப் பூட்டினோம்.

மூன்றாவதில் இரைச்சலோடு 'டிக், டிக்' என்று இன்னொரு சத்தம். ரியூப்பின் இரண்டு முனையும் கறுத்துப் போயிருந்தது. ஆயுள் முடிந்த ரியூப்பைப் பற்ற வைக்க ஸ்ராட்டர் திரும்பத் திரும்ப முயல, சோக் அதிக சூடாகி இரைந்தது. இதை நாள்கணக்கில் இப்படியே விட்டால் நல்ல சோக்கும் எரிந்து போகும். ரியூப், ஸ்ராட்டர் இரண்டையும் மாற்றினோம்.

நான்காவதுதான் உண்மையில் சோக்கின் கோளாறு. கழற்றி எடுத்து, மடித்த சாரத்தின் மேல் வைத்து எலக்ரீசியன் தம்பி கறண்ட் கொடுத்துப் பார்த்தார். ஒன்றிலும் முட்டாமலே இரைந்தது. உள்ளே தகடு தளர்ந்துவிட்டது. இதற்கு மருந்தில்லை. அதற்குப் பதிலாக எலக்ரோனிக் சோக் போட்டோம். அது செக்கனுக்கு 20,000 தரத்துக்கு மேலே துடிக்கும். மனிதக் காது கேட்பது ஏறத்தாழ 20,000 வரைதான்.

இவ்வளவும் செய்த பிறகும் சுவரில் ஒரு தட்டு விழுந்தது. மிஞ்சியது சுவர். தட்டு சரியாமல் இருக்க இரும்புச் சட்டத்தைச் சுவரோடு போல்ற் போட்டு இறுக்கியிருந்தது. லைற்றின் மிச்சத் துடிப்பு சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து சுவருக்கும் ஏறி, சுவரின் மறுபக்கம் கட்டிலடியில் ஒலியாக வெளியே வந்தது. போல்ற்றைக் கழற்றி, தட்டை ஒரு சாண் முன்னுக்கு இழுத்து, சரியாமல் இருக்கக் கால்களை அகட்டி, ஒவ்வொரு காலுக்கும் பழைய சைக்கிள் ரியூப்பை நாலு மடிப்பாக மடித்து வைத்தோம். லைற் செற்றும் சட்டமும் முட்டும் இடத்தில் ஒரு மடிப்பு.

பிறகு நான்கு லைற்றும் எரிய, சுவரில் தட்டே இல்லை. சந்தேகத்தில் நான் போய்ப் பார்த்தேன். பேத்தி காதை வைத்தபடி நித்திரையாகிப் போயிருந்தாள். எழுப்பித் திரும்பக் கேட்டதில் உண்மையிலேயே ஒன்றும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் செய்யப் போகிறவர்களுக்கு முக்கியமான எச்சரிக்கைகள்:

ஒன்று, சுவிச்சை மட்டும் நிறுத்திவிட்டுத் திறக்காதீர்கள். மெயினை நிறுத்துங்கள். சில பழைய செற்றில் உருளையான தகர டப்பா மாதிரிக் கொள்ளளவி இருக்கும். கறண்டை நிறுத்திய பிறகும் அதில் மின் தங்கி நிற்கும். கொஞ்ச நேரம் விட்டுத் திறவுங்கள். சோக்கும் கையைச் சுடும் அளவுக்குச் சூடாக இருக்கும். வயரில் கைவைக்கும் வேலையை எலக்ரீசியனிடம் விடுங்கள். இறுக்குவது, துடைப்பது, நகர்த்துவது எங்கள் வேலை.

இரண்டு, றப்பரைச் சோக்குக்கும் தகட்டுக்கும் இடையில் வைக்காதீர்கள். சோக் தன் சூட்டை அந்தத் தகட்டின் வழியாகத்தான் வெளியே விடுகிறது. இடையில் றப்பர் வைத்தால் சத்தம் குறையும், சோக் வெந்து போகும். றப்பர் வர வேண்டியது லைற் செற்றுக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் இடையில்.

மூன்று, றப்பர் போட்டால் இரும்புக்கும் இரும்புக்கும் தொடர்பு அறுந்து போகும். லைற் செற்றுக்கும் சட்டத்துக்கும் ஏர்த் வயர் இருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பியுங்கள். நாற்றுக்குத் தண்ணீர் தெளிக்கிற இடத்தில் இதை விட்டால் உயிராபத்து. ஏர்த் கசிந்தால் விழுகிற றிப் சுவிச்சையும் அதன் சோதனைப் பொத்தானை அமர்த்திச் சோதித்துக்கொள்ளுங்கள்.

நான்கு, கருகிய மணம் வந்தாலோ, தார் மாதிரிக் கறுப்பாக உருகி வழிந்தாலோ அந்தச் சோக்கைத் திருத்தப் பார்க்காதீர்கள். எறிந்துவிடுங்கள்.

ஐந்து, எரிந்து போன ரியூப்பை வாய்க்காலில் எறியாதீர்கள், பிள்ளைகள் உடைத்து விளையாட விடாதீர்கள். அதற்குள் கொஞ்சம் பாதரசம் இருக்கிறது.

இவ்வளவு பாடுபடாமல் எல்.இ.டி.க்கு மாறலாமே என்று கேட்பீர்கள். மாறலாம், காசிருந்தால் அதுதான் நல்லது. கணக்கைப் பாருங்கள். 36 வாற் ரியூப்போடு சோக் தின்னும் 9 வாற் அளவைச் சேர்த்தால் ஒரு செற்றுக்கு 45 வாற். நாலு செற், நாளுக்கு 12 மணித்தியாலம் என்றால் மாதம் சுமார் 65 யூனிற். அதே நாலடிக்கு 18 வாற் எல்.இ.டி. போட்டால் 26 யூனிற். ஆனால் பழைய செற்றுக்குள் எல்.இ.டி. ரியூப்பை அப்படியே செருகினால், சில வகைகளில் சோக் இன்னும் பாதையில்தான் இருக்கும். சத்தம் குறையும், முற்றாக நிற்காமல் போகலாம். பெட்டியில் உள்ள வயர்ப் படத்தைப் பார்த்துச் செய்யுங்கள். மலிவான எல்.இ.டி.யின் உள்ளே இருக்கும் டிரைவரும் இரையும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற சுவிச்சில் பூட்டினால் இன்னும் இரையும். கடையில் எரிய விட்டு, காதுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

கனடாவில், ஐரோப்பாவில் இருக்கும் எங்கள் உறவுகள் பனிக்காலத்தில் கறிவேப்பிலை மரத்தை வீட்டுக்குள் எடுத்து லைற் போட்டுக் காப்பாற்றுவது தெரியும். அவர்களில் 400, 600 வாற் பெரிய சோடியம் லைற் வைத்திருக்கிறவர்களுக்கும் இதே வைத்தியம்தான். அந்தச் சோக் பல கிலோ நிறை, தனிப்பெட்டியில் வரும். பலகைத் தளத்தில் நேரே வைத்தால் வீடு முழுக்க இரையும். தடித்த றப்பரில் வையுங்கள், அல்லது காற்றோட்டமுள்ள வேறு இடத்துக்குக் கொண்டு போங்கள். பயிர்களை இழையத்திலிருந்து வளர்க்கும் ஆய்வுகூடங்களில் சோக்கை அறைக்கு வெளியே வைக்கும் வழக்கம் உண்டு, பெரும்பாலும் சூட்டுக்காக. சத்தமும் சேர்ந்து வெளியே போகும்.

கடைசியாக ஒன்று. இந்த மண் நெடுங்காலம் பொது மின்விநியோகம் இல்லாமல் இருந்தது. குப்பி விளக்கில் படித்தவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டவர்கள் இன்றைக்கும் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். போருக்குப் பிறகுதான் எங்கள் வீடுகளுக்குள் சோக்கும் மோட்டரும் மின்விசிறியும் ஒவ்வொன்றாக வந்தன. இன்றைய பிள்ளைகளுக்கு இரைச்சல் என்றால் லைற், பிறிஜ், தண்ணீர் மோட்டர். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் போனபோது அந்த இரைச்சல் நின்றதே அவர்களுக்குப் பயமாக இருந்தது. அதே வீட்டுக்குள் இருக்கும் அம்மம்மாவுக்கு இரைச்சல் தொடங்குவதுதான் பயம். ஒரே கூரைக்குள் இரண்டு காது.

ஆகவே புது மோட்டர், புது லைற், கலியாண வீட்டுக்கு ஜெனரேற்றர், எதைப் பூட்டினாலும் அயலில் வயது போனவர்கள் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "இந்த நேரத்தில இருந்து இந்த நேரம்வரை ஓடும், இந்த இடத்தில இருக்குது" என்று காட்டுங்கள். எங்கிருந்து வருகிறது, எப்போது நிற்கும் என்று தெரிந்த சத்தம் பாதி அடங்கின மாதிரி. நானும் லைற் நேரத்தை மாற்றிவிட்டேன். இப்போது காலை ஐந்தரைக்கு எரியும், பின்னேரம் ஐந்தரைக்கு நிற்கும். நாற்றுக்கு எந்தப் பன்னிரண்டு மணித்தியாலம் என்ற கவலை இல்லை.

அம்மா இப்போது உள்ளே கட்டிலில் படுக்கிறார். முற்றாகச் சுகம் என்று நான் சொல்ல மாட்டேன். ஹெலி போனால் இன்னும் எழும்பி முற்றத்துக்கு வருகிறார். அதைத் திருத்த என்னிடம் வாஷர் இல்லை. இப்படி நித்திரை கெடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் கிளிநொச்சி வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போய் உளநலப் பிரிவை விசாரியுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நாற்று 180க்கு மேல் தப்பியது. பாதி அம்மாவின் வளவில் நிற்கிறது, காய்க்கத் தொடங்கிவிட்டது. இந்த வருடம் மாரிக்கு முன் யாராவது தட்டு அடிக்க நினைத்தால் சொல்லுங்கள். சனிக்கிழமைகளில் பின்னேரம் வீட்டில்தான் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். இரைகிற சோக் இருந்தால் கழற்றாமல் செய்தி அனுப்புங்கள், மரக்கோலோடு நானே வருகிறேன். இதில் நான் விட்ட விசயம் ஏதும் இருந்தால் எலக்ரீசியன் தம்பிமார் கீழே எழுதுங்கள். எல்லாருக்கும் பயன்படும்.